பெயரும் படமும் போட்ட குற்றம்

2019 செப்டம்பர் 12, வியாழக்கிழமை. பல்லாவரத்தையும் துரைப்பாக்கத்தையும் இணைக்கும் ரேடியல் சாலையில், பிற்பகல் மூன்று மணிவாக்கில், 23 வயதுப் பெண் ஒருவர் வேலை முடிந்து ஸ்கூட்டரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். மென்பொருள் பொறியாளர். தலையில் ஹெல்மெட் இருந்தது. பள்ளிக்கரணை அருகே சாலை நடுவிலுள்ள மீடியனில் வரிசையாகக் கட்டியிருந்த பேனர்களில் ஒன்று அவர்மேல் சரிந்தது. நிலைதடுமாறிச் சாலையில் விழுந்தவர்மீது, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறிவிட்டது.

அந்தப் பேனர் அதிமுகவின் முன்னாள் கவுன்சிலர் ஒருவர் தம் வீட்டுத் திருமணத்துக்காக வைத்தது. அனுமதி வாங்கவில்லை. லாரி ஓட்டுநரை உடனே கைது செய்தார்கள். பேனரை அச்சடித்த கடைக்கு மாநகராட்சி சீல் வைத்தது. பேனர் வைத்தவர் செப்டம்பர் 27 அன்றுதான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கைதானார். இடையில் பதினைந்து நாள்.

நான் திரும்பத் திரும்ப யோசித்தது அந்தப் பதினைந்து நாளைப் பற்றித்தான். ஒரு திருட்டு நடந்தால் போலீஸ் கைரேகை எடுக்க வேண்டும், கேமரா பதிவைத் தேட வேண்டும், அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும். பேனரில் அந்தச் சிரமம் எதுவும் இல்லை. வைத்தவர் பெயர், கட்சியில் அவர் வகிக்கும் பதவி, மண்டபத்தின் முகவரி, நாள், நேரம், பத்தாததற்குச் சிரித்த முகத்தோடு வண்ணப்படம். செய்தவனே தன் அடையாளம் முழுவதையும் எட்டடி உயரத்துக்கு எழுதி நடுரோட்டில் நட்டுவைக்கும் குற்றம் இந்திய நகரங்களில் இது ஒன்றுதான் இருக்கும். இருந்தும் இதில்தான் யார் என்று கண்டுபிடிப்பது அத்தனை கடினமாக இருக்கிறது.

ஒரு பேனர் எப்படி எழும்புகிறது

நானும் ஒருமுறை பேனர் வைத்தவன் என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்ல முடியும். சித்தப்பா இறந்தபோது, செங்கல்பட்டுப் பக்கம் ஒரு நகராட்சியில், தெரு முனைக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர் வைக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். பிளக்ஸ் கடைக்குப் போனோம். கடைக்காரர் கேட்டது மூன்றே கேள்விதான். எத்தனை அடி? கட்டையோடு வேண்டுமா, வெறும் துணியா? படம் வாட்ஸப்பில் அனுப்புகிறீர்களா? சதுர அடிக்குப் பத்து ரூபாய் சொச்சம். கட்டையும் கட்டுக்கூலியும் தனி. அனுமதி எண் என்ற ஒன்றை அவர் கேட்கவில்லை. அப்படி ஒன்று வாங்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவும் இல்லை. துக்க வீட்டில் யார் நகராட்சி அலுவலகத்துக்குப் படியேறுவார்கள்?

ஒரு மணி நேரத்தில் அச்சாகி வந்துவிட்டது. பையன்கள் இரண்டு பேர் மரச்சட்டத்தை அடித்து, பிளக்ஸை இழுத்து ஆணி வைத்து, இரண்டு சவுக்குக் கம்புகளில் சேர்த்துக் கட்டுக்கம்பியால் முறுக்கினார்கள். கம்பை நட மண் கிடைக்கவில்லை, சிமெண்ட் தரை. அதனால் மின்கம்பத்தோடு சேர்த்துக் கயிறு போட்டார்கள். காற்றுக்கு வழிவிட பிளக்ஸில் அங்கங்கே பிளேடால் கீறிவிடுவது உண்டு. படத்தின்மேல் கத்தி படக் கூடாது என்று எங்கள் அத்தை தடுத்துவிட்டார். அப்படியாக, பாய்மரம்போல் விறைப்பாக ஒரு பேனர், ஒற்றைக் கயிற்றின் பலத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடந்துபோகும் முனையில் நின்றது. அது விழவில்லை. விழுந்திருந்தால் நானும் ஒரு வழக்கில் இருந்திருப்பேன்.

இதில் வில்லன் என்று யாரும் இல்லை. பையன்களுக்குக் கூலி, கடைக்காரருக்குத் தொழில், எங்களுக்கு மரியாதை. பக்கத்துத் தெருவில் போன மாதம் இறந்தவருக்கு மூன்று பேனர் இருந்தது, நம் வீட்டுக்கு ஒன்றாவது வேண்டாமா என்பதுதான் கணக்கு. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா, பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. கட்சிக்காரருக்கு இதோடு இன்னொரு கணக்கும் சேரும்: தலைவர் கார் போகும் வழியில் தன் முகம் எத்தனை இடத்தில் தெரிந்தது என்பது. தலைவர் பார்த்தாரா இல்லையா என்பது பிறகு. மாவட்டச் செயலாளர் பார்த்தால் போதும்.

சட்டம் இல்லாமல் இல்லை

சட்டம் போதவில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். திறந்தவெளி இடங்களின் அழகைச் சீர்குலைப்பதைத் தடுக்கும் சட்டம் 1959-லேயே வந்துவிட்டது. சென்னை மாநகராட்சிச் சட்டம் 1919-ஐச் சேர்ந்தது. விளம்பரப் பலகைகளுக்கென்றே அதில் 326-ஆம் பிரிவுக்கு வால்போல ஆங்கில எழுத்துகள் போட்டுத் தனி அத்தியாயம் சேர்த்தார்கள். போக்குவரத்துக்கு ஆபத்தாகவோ இடையூறாகவோ உள்ள பலகை கூடாது என்பது அதன் சாரம். 2003-இல் உரிமம் வழங்கும் விதிகள் வந்தன. விளம்பர நிறுவனங்கள் வழக்குமேல் வழக்குப் போட்டு இழுத்தன. 2008-இல் நோவா ஆட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவுகளும் விதிகளும் செல்லும் என்று முடித்துவைத்தது. அதன்பிறகு அண்ணா சாலையையும் ஜெமினி மேம்பாலச் சுற்றுப்புறத்தையும் மூடியிருந்த ராட்சதப் பலகைகள் இறங்கின. பல வருடம் கழித்து மொட்டைமாடிகளுக்குப் பின்னால் வானம் தெரிந்தது.

ஆனால் அந்தச் சண்டை முழுக்க இரும்புச் சட்டத்தில் நிற்கும் பெரிய பலகையைப் பற்றியது. அதற்கு முதலாளி உண்டு, வாடகை உண்டு, வக்கீல் உண்டு. நீதிமன்றத்தில் தோற்றால் இறக்கித்தான் ஆக வேண்டும். பிளக்ஸ் வேறு பிறவி. ஓவியர் வாரக்கணக்கில் வரைந்த கட்அவுட்டின் இடத்துக்கு, இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆண்டுகளில், மணிக்கணக்கில் அச்சாகும் பிளாஸ்டிக் துணி வந்தது. இரவில் முளைக்கும், நான்காம் நாள் தானே கிழியும். நோட்டீஸ் தயாராவதற்குள் விழாவே முடிந்திருக்கும். பெரிய பலகைகள் காலிசெய்த இடத்தைத்தான் இது நிரப்பியது என்பது என் கணிப்பு.

அதற்கும் 2011-இல் தனி விதி போட்டார்கள், டிஜிட்டல் பேனர்களுக்கென்றே. முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். இடத்தின் சொந்தக்காரரிடமும் காவல்துறையிடமும் ஆட்சேபணை இல்லை என்று வாங்கிவர வேண்டும். பள்ளி, மருத்துவமனை, வழிபாட்டுத் தலம், சாலைச் சந்திப்பு ஆகிய இடங்களில் கூடாது. சில நாள்தான் இருக்கலாம். எனக்கு இதில் மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு: அனுமதி எண்ணும், எத்தனை நாளுக்கு அனுமதி என்பதும், அச்சகத்தின் பெயரும் பேனரிலேயே இருக்க வேண்டும். எழுதியவர் யாரோ விவரமானவர். பேனர் சட்டப்படியானதா இல்லையா என்பதைத் தெரிந்துகொள்ள அலுவலகத்துக்குப் போக வேண்டியதில்லை, தெருவில் நின்று கீழ் மூலையைப் பார்த்தால் போதும் என்று ஆக்கிவிட்டார். மீறினால் அன்று ஓராண்டுச் சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சென்னையில் இத்தனை ஆண்டில் கீழ் மூலையில் எண் போட்ட பேனரை நான் பார்த்தது விரல்விட்டு எண்ணும் அளவுதான். அதிலும் பாதி அரசு விழா.

ஐயாயிரம் ரூபாயையும் சற்று நிதானித்துப் பார்க்கலாம். ஒரு திருமணத்துக்கு ஐம்பது பேனர் வைப்பவருக்கு அச்சுக்கூலியே அதைப்போலப் பல மடங்கு. அவரைப் பொறுத்தவரை அது அபராதமில்லை, பந்தல் செலவில் ஒரு வரி. அதைக்கூட வசூலிக்க யாரும் வருவதில்லை.

பொறியாளரின் இக்கட்டு

ஏன் வருவதில்லை? பள்ளிக்கரணை 2011-இல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ரேடியல் சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது. மீடியனில் கம்பு நட்டால் அது சாலைத் துறையின் பிரச்சினை. பேனருக்கு அனுமதி உண்டா என்பது மாநகராட்சியின் பிரச்சினை. போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்றால் காவல்துறையின் பிரச்சினை. மூன்று அலுவலகத்துக்கும் அதிகாரம் இருந்தது, எனவே மூன்றும் அடுத்ததைக் கைகாட்ட முடிந்தது.

களத்தில் கடைசியாக நிற்பவர் வார்டின் உதவிப் பொறியாளர். அவரிடம் ஒரு லாரியும் நான்கு ஊழியர்களும் இருப்பார்கள். மஞ்சள் நீராட்டு விழா பேனரை அவர் பிடுங்கிவிடுவார், அதில் தயக்கம் இல்லை. ஆளுங்கட்சிப் பேனர் முன்னால் லாரியை நிறுத்தினால் ஐந்து நிமிடத்தில் கைபேசி அடிக்கும். வேடிக்கை என்னவென்றால், 2019-இல் சென்னையில் கவுன்சிலர் என்று ஒருவர்கூட இல்லை. 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்து, 2022 பிப்ரவரியில்தான் மறுபடி தேர்தல் நடந்தது. பதவியே இல்லாத முன்னாள் ஒருவரின் பேனரைத் தொடவே இவ்வளவு தயக்கம் என்றால், பதவியில் இருப்பவரின் பேனரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

பள்ளிக்கரணை விபத்துக்கு மறுநாள், செப்டம்பர் 13 அன்று, சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் சத்தியநாராயணன், சேஷசாயி அமர்வு கொதித்தது. சாலைகளுக்குச் சாயம் பூச அரசுக்கு இன்னும் எத்தனை லிட்டர் ரத்தம் வேண்டும் என்று கேட்டார்கள். உத்தரவு போட்டுப் போட்டு அலுத்துவிட்டோம் என்றும் சொன்னார்கள். பெண்ணின் குடும்பத்துக்கு இடைக்கால இழப்பீடாக ஐந்து லட்சம் ரூபாய் கொடுத்துவிட்டு, அதைப் பொறுப்பான அதிகாரிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்பது உத்தரவு. என் பார்வையில் அன்றைய நாளின் கனமான வாக்கியம் ரத்தத்தைப் பற்றியது இல்லை. யாரிடமிருந்து வசூல் என்று சொன்ன அந்தப் பின்பாதிதான்.

அலுப்புக்குக் காரணம் இருந்தது. சமூக ஆர்வலர் டிராபிக் ராமசாமி அதற்கு முன்பே பல ஆண்டுகளாக இதே நீதிமன்றத்தின் வாசலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மனுக்கள், அவமதிப்பு மனுக்கள், நடுவே பொறுமை போய்விட்டால் தெருவில் இறங்கித் தானே பேனரைக் கிழிப்பது. எண்பது வயதைத் தாண்டியும் அதை விடவில்லை. 2021 மே மாதம் காலமானார். ஒரு மாநகரத்தின் சட்ட அமலாக்கம் ஒரு கிழவரின் கைகளை நம்பியிருந்தது என்பதைப் பெருமையாகச் சொல்ல முடியவில்லை.

2017 அக்டோபரில் நீதிபதி வைத்தியநாதன் ஓர் உத்தரவு போட்டார்: உயிரோடு இருப்பவர்களின் படத்தைப் பேனரில் போடக் கூடாது, பேனர் வைப்பவர் படமும் கூடாது. கேட்டவர்கள் சிரித்தார்கள். எனக்கென்னவோ அந்த உத்தரவு, கைப்பிடி முரடாக இருந்தாலும், சரியான ஆணியைத்தான் அடித்தது என்று தோன்றுகிறது. முகம் இல்லையென்றால் பேனரே இல்லை. அது எங்கே உறைத்தது என்பதற்கு ஒரு சான்று போதும்: மேல்முறையீட்டுக்குப் போனவர்களில் சென்னை மாநகராட்சியும் இருந்தது. பேனரைக் கட்டுப்படுத்த வேண்டிய அமைப்பே பேனர் கட்டுப்பாட்டை எதிர்த்து வாதாடியது.

அதற்கடுத்த மாதம் கோவை அவிநாசி சாலை. எம்ஜிஆர் நூற்றாண்டு விழாவுக்காகச் சாலையை மறித்து நின்ற அலங்கார வளைவு இருந்த இடத்தில், பெண் பார்க்க அமெரிக்காவிலிருந்து வந்திருந்த இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். காரணம் வளைவா, எதிரே வந்த லாரியா என்று காவல்துறையும் ஊராரும் வாதிட்டார்கள். அவரைக் கொன்றது யார் என்று யாரோ இரவோடிரவாகச் சாலையில் பெரிய எழுத்தில் எழுதிவிட்டுப் போனார்கள். அந்த வாசகம் எழுதியவரைத் தேடியதில் மட்டும் வேகத்துக்குக் குறைவில்லை.

பிறகு நடந்தவை

பள்ளிக்கரணைச் சாவுக்குப் பிறகு கட்சிகள் வரிசையாக அறிவித்தன: இனி பேனர் இல்லை. உயர் நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரமும் தாக்கலானது. கைதானவரின் கட்சியைச் சேர்ந்த மூத்த தலைவர் ஒருவர், வழக்குப் போடுவதென்றால் பேனரைத் தள்ளிய காற்றின்மேல்தான் போட வேண்டும் என்ற பொருளில் தொலைக்காட்சியில் பேசினார். ஊர் சிரித்தது. அவர் நாக்குத் தவறிச் சொன்னதாக நான் நினைக்கவில்லை. நிர்வாகம் பல ஆண்டுகளாக மனத்துக்குள் வைத்திருந்த கொள்கையைத்தான் அவர் வாய்விட்டுச் சொன்னார்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை, மாமல்லபுரத்தில் அக்டோபர் 11, 12 தேதிகளில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் சந்திக்க இருந்தார்கள். வரவேற்பு பேனர் வைக்க அரசே நீதிமன்றத்தை அணுகியது. தடை கட்சிகளுக்குத்தான், அரசு விதிகளின்படி வைத்துக்கொள்ளலாம் என்று பதில் கிடைத்தது. சட்டப்படி அதில் பிழையில்லை. வழியில் பார்த்தவருக்கு மட்டும், தடை எவ்வளவு நாள் தாங்கும் என்பது புரிந்திருக்கும். நவம்பரில் மறுபடி கோவை, மறுபடி அவிநாசி சாலை. சரிந்த கட்சிக் கொடிக்கம்பத்திலிருந்து தப்ப முயன்று ஸ்கூட்டரிலிருந்து விழுந்த இளம்பெண்ணின் காலில் லாரி ஏறி, காலை எடுக்க வேண்டியதாயிற்று.

ஆட்சி மாறியது. 2021 ஆகஸ்டில் விழுப்புரத்தில் ஒரு திருமண வரவேற்புக்குத் திமுக கொடிக்கம்பம் நட்டுக்கொண்டிருந்த சிறுவன் மின்சாரம் தாக்கி இறந்தான். பதின்மூன்று வயது. மறுபடி கண்டனம், மறுபடி இனி வேண்டாம் என்ற அறிவிப்பு. கட்சி நிறம் மாறினாலும் கம்பு நடுபவன் மாறுவதில்லை. அவன் கூலிக்கு வந்தவன், அல்லது பள்ளிக்கூடப் பையன்.

2023 ஜூன் 1 அன்று கோவை மாவட்டம் கருமத்தம்பட்டியில் காற்றும் மழையுமாக இருந்த நேரத்தில் விளம்பரப் பலகைச் சட்டம் சரிந்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். அதன்பிறகு அரசு தண்டனையைக் கூட்டியதை நினைவூட்டியது: அனுமதியில்லாத பலகைக்கு மூன்றாண்டுச் சிறை அல்லது 25,000 ரூபாய் அபராதம். நிறுவனம், வைத்தவர், இடம் கொடுத்த நிலச் சொந்தக்காரர் மூவருக்கும் பொறுப்பு உண்டு, உயிர்ச்சேதம் ஆனால் இழப்பீடும் அவர்கள் தலையில். 5,000-லிருந்து 25,000. மாற்றத்தில் உருப்படியானது எண் இல்லை, நிலச் சொந்தக்காரரை உள்ளே இழுத்தது. வாடகை வாங்கியவர் பலகை தன்னுடையதில்லை என்று இனி கைகழுவ முடியாது.

பலகை எங்கே என்று கேட்கிறோம், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பதில்லை

இதுவரை பேசியது பலகை நிற்கும் இடத்தைப் பற்றி. அதில் எழுதியிருக்கும் பொய்யைப் பற்றி நகராட்சிக்குக் கவலையே கிடையாது. அனுமதி எண்ணோடு, அளவுப்படி, சந்திப்பிலிருந்து தள்ளி, ஒரு முழுப்பொய்யைத் தாராளமாக நட்டுவைக்கலாம்.

தாம்பரத்தைத் தாண்டிப் போகிறவர்களுக்கு இது தெரியும். பேருந்து நிலையத்திலிருந்து ஐந்தே நிமிடம் என்று மனைப்பிரிவுப் பலகை சொல்லும். ஹெலிகாப்டரில் போனால் சரியாக இருக்கும். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, விளம்பரத்தில் பதிவு எண்ணும் ஆணையத்தின் இணைய முகவரியும் இருக்க வேண்டும். அதன் 12-ஆம் பிரிவு இன்னும் கடுமை: விளம்பரத்திலுள்ள பொய்யை நம்பிப் பணம் கட்டியவர் ஒப்பந்தத்திலிருந்து விலகி, கட்டியதை வட்டியோடு திரும்பப் பெறலாம். ஆகவே மனை வாங்கப் போகிறவர் அந்தப் பலகையைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்வது நல்லது. விலைச்சீட்டைவிட அதற்குப் பின்னால் பயன் அதிகம்.

மின்கம்பங்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரை நோய் நிரந்தரத் தீர்வு நோட்டீஸ்களுக்கு இன்னும் பழைய சட்டம் இருக்கிறது. மருந்துகள், மாய மருத்துவம் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுக்கும் 1954-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் பட்டியலில் 54 நோய்கள், நீரிழிவும் புற்றுநோயும் அதில் அடக்கம். இவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரமே செய்யக் கூடாது. 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விளம்பரம் என்பதற்குக் கொடுக்கும் வரையறையில் ஒளி, ஒலி, அச்சு மட்டுமில்லை, புகையும் வாயுவும்கூட உண்டு. வானத்தில் புகையால் எழுதினாலும் தப்ப முடியாது. தவறான விளம்பரத்துக்கு முதல் முறை பத்து லட்சம் வரை, அடுத்தடுத்த முறை ஐம்பது லட்சம் வரை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அபராதம் விதிக்கலாம்.

அந்த ஆணையம் இருப்பது டெல்லியில். நோட்டீஸ் ஒட்டியிருப்பது குரோம்பேட்டை மின்கம்பத்தில். அதைத் தினமும் பார்க்கும் மாநகராட்சி ஊழியருக்குக் கம்பத்தைச் சுரண்டும் அதிகாரம் உண்டு, பொய்யைப் பற்றிக் கேட்க அதிகாரம் இல்லை. ஆணையத்துக்குப் பொய்யைத் தண்டிக்கும் அதிகாரம் உண்டு, கம்பம் கண்ணில் படாது. நோட்டீஸில் கைபேசி எண் மட்டும் தெளிவாகப் பெரிய எழுத்தில் இருக்கிறது. அதே பழைய கதை: செய்தவர் முகவரியைத் தானே எழுதித் தந்திருக்கிறார், படிக்கத்தான் ஆள் இல்லை. சுரண்டும் ஊழியர் அந்த எண்ணை ஒரு நோட்டில் குறித்து மாதம் ஒருமுறை அனுப்பினால் என்ன செலவாகிவிடும்?

மற்ற ஊர்கள்

2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில் புழுதிப்புயல் அடித்தது. பெட்ரோல் பங்க் மேல் ஒரு பலகை விழுந்தது. 120 அடிக்கு 120 அடி. மாநகராட்சி அனுமதிக்கும் உச்ச அளவு நாற்பதுக்கு நாற்பது. 17 பேர் இறந்தார்கள். நிலம் ரயில்வே காவல்துறையின் பொறுப்பில் இருந்தது, ஆகவே எங்கள் அனுமதி கேட்கப்படவில்லை என்றது மாநகராட்சி. அதற்குச் சில காலம் முன்பு அந்தப் பலகை மிகப் பெரியது என்று லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம்பிடித்திருந்தது. பள்ளிக்கரணையில் பார்த்த அதே மூன்று அலுவலக விளையாட்டு, மைதானம் மட்டும் பெரியது.

பிரேசிலின் சாவ் பாவ்லோ வேறு வழி போனது. மேயர் கில்பர்ட்டோ கசாப் காலத்தில் 2006-இல் தூய நகரச் சட்டம் இயற்றி, 2007 ஜனவரி 1 முதல் வெளிப்புற விளம்பரத்தையே ஒழித்தார்கள். கடைப்பெயருக்கும் அளவு: முகப்பு பத்து மீட்டருக்குக் குறைவென்றால் ஒன்றரைச் சதுர மீட்டர் பலகை, அவ்வளவுதான். அனுமதி உண்டா இல்லையா என்ற ஆராய்ச்சியே வேண்டியதில்லை, தெரிந்தால் குற்றம். பலகைகள் இறங்கியபோது அவற்றுக்குப் பின்னால் மறைந்திருந்த குடிசைப் பகுதிகள் வெளியே தெரிந்தன. பின்னாளில் பஸ் நிறுத்தங்களிலும் தெருக் கடிகாரங்களிலும் கட்டுப்பாட்டோடு விளம்பரத்தை அனுமதித்தார்கள். நம் ஊருக்கு இதை அப்படியே கொண்டுவரலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. அங்கே எதிரே நின்றது வணிகம். இங்கே நிற்பது கட்சியும் குடும்ப கௌரவமும்.

நமக்குப் பாடம் டெல்லியில் இருக்கிறது. 2024 செப்டம்பரில் டெல்லிப் பல்கலைக்கழக மாணவர் சங்கத் தேர்தலில் சுவர், மெட்ரோ தூண், பேருந்து எதையும் விடாமல் வேட்பாளர்கள் போஸ்டர் ஒட்டினார்கள். நான் ஒட்டவில்லை என்று சொல்ல வசதியாகப் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி அச்சிடுவது அங்கே பழைய தந்திரம்.  சுவர்கள் சுத்தமாகும்வரை முடிவை அறிவிக்கக் கூடாது என்றது உயர் நீதிமன்றம். எழுத்து மாறிய பெயர்க்காரர்கள் எல்லாரும் தங்கள் பெயரை அடையாளம் கண்டுகொண்டார்கள். சுண்ணாம்பும் பிரஷுமாக வந்து சேர்ந்தார்கள். முடிவு நவம்பர் 25 அன்றுதான் வெளியானது.

தமிழ்நாட்டில் சுவர் சுத்தமாகும் காலம்

தமிழ்நாட்டிலும் பேனர் இல்லாத காலம் உண்டு. ஆச்சரியமாக, அது தேர்தல் காலம். தேதி அறிவித்ததும் அரசுக் கட்டடங்களில் 24 மணி நேரத்தில், பொது இடங்களில் 48 மணி நேரத்தில், தனியார் இடங்களில் 72 மணி நேரத்தில் விளம்பரங்களை அகற்ற வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. அதே மாநகராட்சி, அதே உதவிப் பொறியாளர், அதே லாரி. அப்போது மட்டும் கைபேசி அடிப்பதில்லை.

ஆணையத்தைக் கண்டு பயம் என்று சொல்லிவிடலாம், ஆனால் பாதிதான் உண்மை. மீதிப் பாதி கணக்கு. தேர்தல் போஸ்டரில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இல்லாவிட்டால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127-ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. அதற்கு மேல், ஒவ்வொரு கொடிக்கும் தட்டிக்கும் பிரியாணிப் பொட்டலத்துக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலர் ஒரு விலைப்பட்டியல் வைத்திருப்பார். வீடியோ எடுத்த பேனரை அந்த விலையில் பெருக்கி, வேட்பாளருக்கென்று ஆணையம் தனியாக எழுதும் நிழல் பதிவேட்டில் ஏற்றுவார்கள். சட்டமன்றத் தொகுதிக்குச் செலவு வரம்பு இப்போது 40 லட்சம் ரூபாய். தொண்டர் ஆர்வத்தில் வைத்த பேனர் வேட்பாளர் கணக்கில் போய் உட்காரும் என்பதால், இறக்குடா அதை என்று வேட்பாளரே ஆள் அனுப்புகிறார்.

நான் சொல்ல வருவதும் இதுதான்: பேனரில் யார் முகமோ அவர் பெயருக்கே செலவுச் சீட்டு எழுதுவது. புதுச் சட்டம் தேவையில்லை, சதுர அடிக்கு ஒரு விலை போதும். சாதாரண நாளிலும் உதவிப் பொறியாளர் படம் எடுத்து, பேனரில் மிகப் பெரிதாக யார் முகம் இருக்கிறதோ அவர் பெயருக்கு அகற்றும் செலவையும் அபராதத்தையும் சேர்த்து நோட்டீஸ் அனுப்பட்டும், கட்டாவிட்டால் சொத்து வரியோடு சேர்க்கட்டும். வேண்டாதவர்கள் என் படத்தைப் போட்டு மாட்டிவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி வரும். நியாயம்தான். டெல்லியின் 2007-ஆம் ஆண்டுச் சுவர் சீர்குலைப்புச் சட்டம், யாருடைய நன்மைக்காகச் செய்ததோ அவரைப் பொறுப்பாக்குகிறது. தனக்குத் தெரியாமல், தன் சம்மதமில்லாமல் நடந்தது என்று நிரூபித்தால் விட்டுவிடுகிறது. நிரூபிக்க எளிய வழி, பார்த்த அன்றே இறக்கிவிட்டுப் புகார் கொடுப்பது. அப்படிப் புகார் கொடுத்த தலைவர்களின் பட்டியலை யாராவது தயாரித்தால் படிக்க ஆவல்.

எங்கள் சித்தப்பாவின் பேனர் பதினாறாம் நாள் காரியம் முடிந்தும் நின்றது. இறக்க யாருக்கும் மனம் வரவில்லை, நகராட்சியிலிருந்து யாரும் வரவும் இல்லை. ஐப்பசி மழைக்கு முன்பு ஒரு நாள் காணாமல் போனது. சில வாரம் கழித்துப் பார்த்தேன், தெருக்கோடியில் செங்கல் அடுக்கின்மேல் கல் வைத்து மூடியிருந்தார்கள். சித்தப்பா தலைகீழாக இருந்தார். கீழே எங்கள் எல்லார் பெயரும் வரிசையாக, எழுத்துப் பிழையில்லாமல். அச்சகத்தின் கைபேசி எண்ணும் இருந்தது. அனுமதி எண் இருக்க வேண்டிய மூலையில் இரண்டு புறாக்கள் அச்சிட்டிருந்தார்கள்.